தனிமம் ஒரு கேள்விக்கு விடை, மூலக்கூறு வேறொரு கேள்விக்கு விடை

அணு, தனிமம், மூலக்கூறு, சேர்மம் ஆகிய நான்கையும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வைத்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அணுக்கள் சேர்ந்தால் தனிமம், தனிமங்கள் சேர்ந்தால் மூலக்கூறு, மூலக்கூறுகள் சேர்ந்தால் சேர்மம் என்று சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியும் ஒரு வரிசை அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. மாலை வேளைகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த வரிசையை முதலில் கலைத்துவிட்டுத்தான் என்னால் எந்தப் பாடத்தையும் தொடங்க முடிகிறது. ஏனென்றால் இது சிறு பிழை அன்று. வேதிப்பிணைப்பு, மோல், வேதிச்சமன்பாடு என்று பின்னால் வரும் பாடங்கள் எல்லாவற்றிலும் இதன் விளைவு தெரியும்.

உண்மையில் இந்த நான்கு சொற்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். தனிமம், சேர்மம் என்பவை பொருளின் வகையைச் சொல்பவை. நம் முன்னால் இருக்கும் தூய பொருளில் எத்தனை வகை அணுக்கள் உள்ளன என்பதே அங்கே கேள்வி. ஒரே வகை என்றால் அது தனிமம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வகை அணுக்கள் வேதிப்பிணைப்பால் இணைந்திருந்தால் அது சேர்மம். அணு, மூலக்கூறு என்பவை பொருளைப் பற்றியவை அல்ல, துகளைப் பற்றியவை. அந்தப் பொருளுக்குள்ளே அணுக்கள் ஒவ்வொன்றாகத் தனித்து நிற்கின்றனவா, சில அணுக்கள் பிணைந்த தொகுதிகளாக நடமாடுகின்றனவா என்பது இங்கே கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்கப் பழகிவிட்ட மாணவர், ஆக்சிஜன் தனிமமா மூலக்கூறா என்று யாராவது கேட்டால் திகைக்க மாட்டார். அது தனிமமும்தான், அதன் துகள் மூலக்கூறும்தான். ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை.

இதைக் காட்டுவதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது கடற்கரைக் காற்றை. ஒருமுறை மூச்சை இழுத்தால் உள்ளே போவதில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இரண்டும் தனிமங்கள், இரண்டின் துகள்களும் இரண்டிரண்டு அணுக்கள் பிணைந்த மூலக்கூறுகள். அடுத்து ஆர்கான், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இதுவும் தனிமம், ஆனால் இதன் அணுக்கள் எதனோடும் சேராமல் ஒற்றை ஒற்றையாகவே திரிகின்றன. கார்பன் டைஆக்சைடும் நீராவியும் சேர்மங்கள். அவற்றின் துகள்கள் மும்மூன்று அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள். அலையின் நுரை உடையும்போது தெறித்த துளிகள் காற்றில் காய்ந்து விட்டுச்செல்லும் உப்புத் துகளும் அந்த மூச்சில் இருக்கக்கூடும். அது சேர்மம், ஆனால் அதில் மூலக்கூறு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இவையெல்லாம் சேர்ந்த காற்று தனிமமும் அன்று, சேர்மமும் அன்று, வெறும் கலவை. மூலக்கூறாக இருக்கும் தனிமம், ஒற்றை அணுவாக இருக்கும் தனிமம், மூலக்கூறாக இருக்கும் சேர்மம், மூலக்கூறே இல்லாத சேர்மம் என்று நான்கும் அந்த ஒரே மூச்சில் அடங்கிவிடுகின்றன.

தனிமம் எது என்று முடிவு செய்வது நாம் நினைப்பதுபோல் எளிதாக நடந்த காரியம் அன்று. பிரான்சு நாட்டின் லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட தம் பாடநூலில் 33 எளிய பொருள்களின் பட்டியலைக் கொடுத்தார். எந்த முறையாலும் அதற்கு மேல் பிரிக்க முடியாத பொருளே தனிமம் என்பது அவர் வைத்த அளவுகோல். அந்தப் பட்டியலில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கந்தகம், பொன், வெள்ளி ஆகியவற்றோடு ஒளியும் வெப்பமும்கூட இருந்தன, சுண்ணாம்பும் இருந்தது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயில் சுட்டால் கிடைக்கும் அந்த வெள்ளைப் பொருளை, அதன் பிறகு எவ்வளவு சூடுபடுத்தியும் எந்த அமிலத்தில் போட்டும் அன்றைய வேதியியலாளர்களால் அதைவிட எளிய பொருளாகப் பிரிக்க முடியவில்லை. இவற்றுள் சில பின்னாளில் பட்டியலிலிருந்து நீங்கக்கூடும் என்று லவாய்சியரே ஐயப்பட்டிருந்தார். வோல்ட்டாவின் மின்கல அடுக்கு 1800-இல் வந்த பிறகுதான் பிரிப்பதற்கு ஒரு புதிய கருவி கிடைத்தது. 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு சுண்ணாம்பிலிருந்து கால்சியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சுண்ணாம்பு அன்றோடு தனிமப் பட்டியலை விட்டு நீங்கி, கால்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மமானது. லவாய்சியரின் அளவுகோல் தவறானதன்று; பிரிக்கும் கருவி வலுப்பெற வலுப்பெறத்தான் பட்டியல் திருந்த முடியும். ஓர் அணுவின் உட்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அது எந்தத் தனிமம் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற இன்றைய வரையறைக்கான அடிப்படையை, 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அமைத்துக்கொடுத்தார். அதன்படி இன்று நம் கணக்கில் 118 தனிமங்கள் இருக்கின்றன.

சேர்மத்துக்கும் கலவைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல்களில் அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அதைச் சோதனைக்குழாயில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அட்டவணை தேவைப்படாது. 7 கிராம் இரும்புத்தூளையும் 4 கிராம் கந்தகத்தூளையும் கலந்து வையுங்கள். சாம்பல் நிறமும் மஞ்சளும் கலந்த அந்தப் பொடியில் காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் ஒட்டிக்கொண்டு வரும், கந்தகம் கீழே தங்கிவிடும். இதுவரை அது கலவைதான். விகிதத்தை மாற்றி, ஒரு பிடி இரும்புக்கு ஒரு சிட்டிகை கந்தகம் போட்டாலும் அது கலவைதான். இப்போது 7-க்கு 4 என்று கலந்த பொடியில் சிறிதளவைச் சோதனைக்குழாயில் இட்டு அடிப்பகுதியைச் சூடுபடுத்தினால், ஓரிடத்தில் செந்தணல் தோன்றும். அந்தக் கணமே சுடரை விலக்கிவிட வேண்டும். விலக்கிய பிறகும் தணல் அணையாமல் தானாகவே மேல்நோக்கிப் பரவி, பொடி முழுவதையும் கடந்து செல்லும். இரும்பும் கந்தகமும் இணையும்போது வெளிப்படும் வெப்பமே அடுத்த பகுதியைப் பற்றவைக்கிறது. குழாய் ஆறிய பிறகு எஞ்சுவது கருஞ்சாம்பல் நிறக் கட்டி. இரும்பு மிச்சமில்லாமல் வினைபுரிந்திருந்தால், அதை நொறுக்கிக் காந்தத்தைக் காட்டினாலும் முன்போல் எதுவும் பாய்ந்து வந்து ஒட்டாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் வித்தியாசம் மூக்குக்கும் தெரியும்: கலவையிலிருந்து மணமற்ற ஹைட்ரஜன் வந்த இடத்தில், இந்தக் கட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அது நச்சு வாயு; ஆகையால் இந்தக் கடைசிப் பகுதியை ஆசிரியர் மட்டும், நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில், மிகச் சிறிதளவில்தான் செய்ய வேண்டும். இரும்பின் குணமும் இல்லை, கந்தகத்தின் குணமும் இல்லை. இரும்பு சல்ஃபைடு என்ற மூன்றாவது பொருள் ஒன்று பிறந்துவிட்டது.

7-க்கு 4 என்ற அந்த அளவை நாம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. இரும்பைக் கூடுதலாகப் போட்டால் அது வினைபுரியாமல் மிஞ்சும். கந்தகத்தைக் கூடுதலாகப் போட்டால் அது ஆவியாகிக் குழாயின் மேற்பகுதியில் மஞ்சளாகப் படியும். சேர்மம் தனக்கு வேண்டிய விகிதத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்பதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசஃப் புரூஸ்ட் வலியுறுத்தினார். இயற்கையில் கிடைத்த தாமிரக் கார்பனேட்டும், ஆய்வகத்தில் தாம் உருவாக்கிய தாமிரக் கார்பனேட்டும் ஒரே எடை விகிதம் கொண்டிருப்பதை அவர் காட்டினார். எங்கே எப்படி உருவானாலும் விகிதம் ஏன் மாறுவதில்லை என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் விடை இல்லை. அந்த விடையாகத்தான் அணுக்கொள்கை வந்து சேர்ந்தது. மான்செஸ்டரில் இருந்த ஜான் டால்டன் 1808-இல் நூலாக வெளியிட்ட கருத்து இதுதான்: ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய அணுக்கள் உண்டு, அவை பிளவுபடாதவை, சேர்மம் உருவாகும்போது முழு அணுக்கள் முழு எண்ணிக்கையில் சேர்கின்றன. அரை அணு என்று ஒன்று இல்லை என்றால் விகிதம் நினைத்தபடி மாற முடியாது அல்லவா?

டால்டன் அணுவை நமக்குத் தந்தார், ஆனால் மூலக்கூறைத் தரவில்லை. தண்ணீரின் மிகச்சிறிய துகளையும் அவர் ஒருவகை அணு என்றே அழைத்தார், கூட்டணு என்ற பொருளில். இதில் அடங்கியிருந்த சிக்கல் அரை நூற்றாண்டுக் காலம் வேதியியலைக் குழப்பத்தில் வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தின் வழியாகப் போனால்தான் மூலக்கூறு என்ற கருத்து ஏன் தேவைப்பட்டது என்பது புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீரில் 1 பங்கு எடை ஹைட்ரஜனுக்கு 8 பங்கு எடை ஆக்சிஜன் இருக்கிறது. ஆனால் ஒரு துகள் தண்ணீரில் எத்தனை ஹைட்ரஜன் அணு, எத்தனை ஆக்சிஜன் அணு என்பதை எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டால்டன் எளிமையை நம்பினார்: இரண்டு தனிமங்களுக்கிடையே ஒரே ஒரு சேர்மம்தான் தெரிந்திருக்கிறது என்றால், அதில் ஒன்றுக்கு ஒன்று என்றே கொள்ளலாம் என்றார். ஆகவே அவருக்குத் தண்ணீர் என்பது ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும். அந்தக் கணக்கின்படி ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைவிட 8 மடங்கு கனமாகிவிடும். அவர் காலத்து அளவீடுகள் துல்லியக் குறைவால் 7 என்று காட்டின. இன்று நாம் 16 என்று சொல்வதில் பாதிதான் அது.

அதே 1808-இல் பாரிசில் கே லூசாக் வாயுக்களின் எடையை விட்டுவிட்டுப் பருமனை அளந்து பார்த்தார். 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்தால், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் அளக்கும்போது, 2 லிட்டர் நீராவி கிடைக்கிறது. 1 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் குளோரினும் சேர்ந்தால் 2 லிட்டர் ஹைட்ரஜன் குளோரைடு. 3 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் நைட்ரஜனும் சேர்ந்தால் 2 லிட்டர் அம்மோனியா. இவ்வளவு அழகான முழு எண்கள் வந்தும் டால்டன் இந்த அளவீடுகளை ஏற்க மறுத்துவிட்டார். அவருடைய தயக்கத்துக்கு வலுவான காரணம் இருந்தது. ஒரு லிட்டர் வாயுவில் இத்தனை துகள்கள் என்று எல்லா வாயுக்களுக்கும் ஒரே எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் ஆக்சிஜனில் இருக்கும் துகள்களைப்போல் இரு மடங்கு நீர்த்துகள்கள் 2 லிட்டர் நீராவியில் இருக்கும். ஒவ்வொரு நீர்த்துகளிலும் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும். அப்படியானால் ஒவ்வோர் ஆக்சிஜன் துகளும் இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் வாயுவின் துகள் என்றால் அது ஆக்சிஜன் அணுதான், அணு பிளக்காது என்று நம்பியவருக்கு இங்கே வழி அடைபட்டுப் போகிறது.

இத்தாலியின் அமேதியோ அவகாட்ரோ 1811-இல் அந்த வழியைத் திறந்தார். பிளந்தது உண்மைதான், ஆனால் பிளந்தது அணு அன்று என்பதே அவர் சொன்னதன் சாரம். ஆக்சிஜன் வாயுவில் மிதப்பவை ஒற்றை அணுக்கள் அல்ல, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்த தொகுதிகள். வினையின்போது தொகுதி பிரிகிறது. அணு முழுதாகவே இருக்கிறது. ஹைட்ரஜனும் அப்படித்தான், குளோரினும் நைட்ரஜனும் அப்படித்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டால் கே லூசாக்கின் எல்லா எண்களும் ஒரே நேரத்தில் சரியாகிவிடுகின்றன. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு நீர் மூலக்கூறுகள். ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு. ஆக்சிஜன் அணுவின் எடை 8 அன்று, 16. குழந்தைகள்கூடச் சொல்லும் எச்2ஓ என்ற வாய்பாட்டில் உள்ள அந்த 2 இவ்வளவு தொலைவு கடந்து வந்த ஓர் எண். அதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை உண்டாகிறது.

ஆயினும் அவகாட்ரோவின் சொல் எடுபடவில்லை. ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் ஒன்றோடொன்று ஏன் சேர வேண்டும் என்பது அன்றைய பெரிய தடை. அக்காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்த சுவீடனின் பெர்சிலியஸ், நேர்மின் தன்மையுள்ள அணு எதிர்மின் தன்மையுள்ள அணுவோடு சேர்வதே வேதிச்சேர்க்கை என்று கருதினார். அந்தக் கண்ணோட்டத்தில் ஆக்சிஜனும் ஆக்சிஜனும் சேர்வதற்கு இடமே இல்லை. பாரிசில் டூமா கொதிக்கும் பொருள்களின் ஆவியடர்த்தியை அளந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. ஆக்சிஜன் இரட்டையாக இருப்பதுபோல எல்லாத் தனிமங்களின் ஆவியும் இருக்கும் என்று எதிர்பார்த்துக் கணக்கிட்டால், பாஸ்பரஸின் ஆவி எதிர்பார்த்ததைப்போல் இரு மடங்கு கனமாக இருந்தது. கந்தகத்தின் ஆவி மூன்று மடங்கு. பாதரசத்தின் ஆவியோ பாதிதான். இன்று நமக்குக் காரணம் தெரியும். பாஸ்பரஸ் நான்கு நான்கு அணுக்களாகப் பிணைந்திருக்கிறது. திண்மக் கந்தகம் எட்டு அணுக்கள் கொண்ட வளையம்; ஆவியாகும்போது அது பல அளவுத் துண்டுகளாகிறது. பாதரச ஆவி ஒற்றை அணுக்கள். எல்லாம் தனிமங்களே, ஆனால் எத்தனை அணுக்கள் சேர்ந்து துகளாக நடமாடும் என்பது தனிமத்துக்குத் தனிமம் மாறுகிறது. தனிமம் என்ற வகையையும் மூலக்கூறு என்ற துகளையும் தனித்தனியே பார்க்காதவரை டூமாவின் எண்கள் வெறும் புதிராகவே நின்றன.

நிலைமை எவ்வளவு மோசமாகிவிட்டது என்றால், வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்துக்கு அன்று புழங்கிய வெவ்வேறு வாய்பாடுகளைக் கெகுலே தம் பாடநூலில் தொகுத்தபோது அவை 19 ஆக இருந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடினார்கள். அங்கே இத்தாலியின் கன்னிசாரோ, அவகாட்ரோவின் கருத்தை எடுத்துவைத்து வாதாடினார். 1858-இல் தம் மாணவர்களுக்கான பாடத்திட்டமாக அவர் எழுதியிருந்த சிறு நூல் கூட்டத்தின் முடிவில் வழங்கப்பட்டது. அணு என்றால் இது, மூலக்கூறு என்றால் இது என்று அது பிரித்துக் காட்டியது. அதைப் படித்தபோது தம் கண்ணை மறைத்திருந்த திரை விலகியதாக லோதர் மேயர் பின்னாளில் எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த இளைஞர் மெண்டலீவ், அங்கே தெளிவுபெற்ற அணு எடைகளைக் கொண்டுதான் 1869-இல் தனிம வரிசை அட்டவணையை அமைத்தார். அவகாட்ரோ இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் 1856-லேயே காலமாகிவிட்டார்.

அந்த மெண்டலீவுக்கே ஆர்கான் ஒரு சோதனையாக வந்தது. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருப்பதை ராலே கவனித்தார். அந்த அரை சதவீதத்தை ஒதுக்கித் தள்ளாமல் அவரும் ராம்சேயும் துருவிப் பார்த்ததில் 1894-இல் கிடைத்ததுதான் ஆர்கான். அதன் மூலக்கூறு எடை 40. அது ஒற்றை அணுவாக இருந்தால் அணு எடையும் 40. இரட்டை என்றால் 20. எதனோடும் வினைபுரியாத பொருளில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலியைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். ஒரு வாயுவைச் சூடாக்கும்போது, ஒற்றை அணுத் துகள்கள் ஏறத்தாழ வேகமாகப் பறப்பதற்கு மட்டுமே அந்த வெப்பத்தைச் செலவிடும்; இரட்டை அணுத் துகள்கள் சுழல்வதற்கும் ஒரு பகுதியைச் செலவிடும். அழுத்தம் மாறாமல் சூடாக்கும்போது ஒன்று, பருமன் மாறாமல் சூடாக்கும்போது மற்றொன்று என்று வாயுவுக்கு இரு வெப்ப ஏற்புத்திறன்கள் உண்டு; இந்த வேறுபாடு அவற்றின் விகிதத்தில் தெரியும். ஒலியின் வேகத்தை அளந்தால் அந்த விகிதம் கிடைத்துவிடும். இரட்டை அணு வாயுக்களுக்கு அது ஏறத்தாழ 1.4, ஒற்றை அணு வாயுவுக்கு 1.67. ஆர்கான் 1.67-ஐ ஒட்டிய மதிப்பைக் காட்டியது. இருந்தும் 40 என்ற அணு எடையுள்ள தனிமத்துக்கு அட்டவணையில் இடம் இல்லாததால், இது புதிய தனிமமே அல்லாமல் மூன்று நைட்ரஜன் அணுக்கள் பிணைந்த மூலக்கூறாக இருக்கலாம் என்று மெண்டலீவ் கருதினார். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து ஓசோன் ஆவது முன்பே தெரிந்திருந்தபடியால் அது மதியற்ற ஊகம் அன்று. புதிய தனிமமா, பழைய தனிமத்தின் புதிய மூலக்கூறா என்ற கேள்வி அவ்வளவு பெரிய அறிஞரையே தடுமாற வைத்தது. நம் மாணவர்கள் தடுமாறினால் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி உப்புக்கு வருகிறேன். பள்ளி நூல்கள் பலவற்றில் சேர்மத்தின் மிகச்சிறிய துகள் மூலக்கூறு என்ற வாக்கியம் இன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. உப்புக்கு அது பொருந்தாது. சமையலறைக் கல்லுப்பில் ஒரு சிட்டிகையை எடுத்து ஒரு நல்ல கைலென்ஸின் கீழே பாருங்கள். உடைபடாத படிகங்கள் சதுரப் பக்கங்களும் செங்கோண மூலைகளும் கொண்ட சிறு கனசதுரங்களாகத் தெரியும். சிலவற்றின் முகத்தில் உள்நோக்கி இறங்கும் சதுரப் படிகள்கூடத் தெரியும். அந்த வடிவத்துக்கான காரணத்தை 1913-இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டினார். எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்னூட்டம் பெற்ற அணுவை அயனி என்கிறோம். உப்பில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள், அதாவது குளோரின் அயனிகள், சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. இந்த ஒழுங்கு படிகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்கிறது. அவர் இதைச் சதுரங்கப் பலகையோடு ஒப்பிட்டார். பலகையில் கறுப்பும் வெள்ளையும் சம எண்ணிக்கையில் இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட கறுப்புக் கட்டத்துக்கு அதைச் சூழ்ந்த வெள்ளைக் கட்டங்களுள் எது துணை என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது. உப்பிலும் ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்பது எண்ணிக்கையின் விகிதம் மட்டுமே, இணை சேர்ந்த இருவர் அல்ல. இந்தக் கருத்து பழைய தலைமுறைக்கு எவ்வளவு கசந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1927-இல், 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற ஆங்கில வேதியியலாளர் நேச்சர் இதழில் உப்புக்காகப் பரிந்து ஒரு கடிதம் எழுதி, மூலக்கூறு இல்லாத உப்பு என்பது அபத்தம் என்று சாடினார். அளவீடுகள் பிராக்கின் பக்கமே இருந்தன. உப்பை மிக உயர்ந்த வெப்பநிலையில் ஆவியாக்கினால் மட்டும், அந்த ஆவியில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்த உண்மையான மூலக்கூறுகள் தோன்றுகின்றன. உணவில் நாம் இடும் உப்பில் அவை இல்லை.

மணலில் உள்ள சிலிக்காவும் அப்படியே, மூலக்கூறு இல்லாத சேர்மம். தனிமங்களின் பக்கம் வந்தால், இரும்பு, செம்பு, தங்கம் என்று உலோகங்கள் எதிலும் மூலக்கூறு கிடையாது. அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுப் படிகமாக நிற்கின்றன. வைரமும் கிராஃபைட்டும் அவ்வாறே. 118 தனிமங்களில் பெரும்பாலானவை உலோகங்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மூலக்கூறாக இருக்கும் தனிமம்தான் சிறுபான்மை என்பது விளங்கும். வகுப்பில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் மட்டுமே எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் பிள்ளைகளுக்கு இது தலைகீழாகப் பதிகிறது.

இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். உப்பில் சோடியம் இருக்கிறது என்று சொல்கிறோம். சோடியம் என்றால் கத்தியால் வெட்டக்கூடிய, தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும் உலோகம். குளோரின் என்றால் மூச்சை அடைக்கும் மஞ்சள்பச்சை வாயு. இரண்டும் உப்பில் இருக்கின்றன என்றால் அதை எப்படித் தின்கிறோம் என்று ஒரு மாணவி கேட்டாள். மிகச் சரியான கேள்வி அது. உப்பில் அந்த உலோகமும் இல்லை, அந்த வாயுவும் இல்லை. 11 புரோட்டான்கள் கொண்ட உட்கருவும் 17 புரோட்டான்கள் கொண்ட உட்கருவும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் அமைப்பு மாறிவிட்டது. பாலில் கால்சியம் இருக்கிறது என்னும்போதும் டேவி பிரித்தெடுத்த உலோகத்தை நாம் சொல்வதில்லை. இரும்புச்சத்து மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் ஆணியில் இருக்கும் இரும்பு அன்று, ஃபெரஸ் சல்ஃபேட் என்ற சேர்மம். தனிமத்தை எளிய பொருளாகவும், சேர்மங்களுக்குள்ளும் மாறாமல் நிற்கும் அணுவகையாகவும் இருவேறு நிலைகளில் பார்க்க வேண்டும் என்று மெண்டலீவ் வற்புறுத்தியிருக்கிறார். நிலக்கரியும் கார்பன் அன்று, வைரமும் கார்பன் அன்று, கார்பன் இரண்டிலும் இருப்பது என்பது அவர் பார்வை. ஒற்றைத் தங்க அணு மஞ்சளாக மின்னாது, அதற்கு உருகுநிலையும் கிடையாது. அவை ஏராளமான அணுக்கள் ஒன்றாக இருக்கும்போது தோன்றும் பண்புகள். பொருளின் எல்லாப் பண்புகளையும் கொண்ட மிகச்சிறிய துகள் என்று அணுவையோ மூலக்கூறையோ வரையறுப்பது இதனால்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு நீர் மூலக்கூறு நனைக்காது, உறையாது, கொதிக்காது.

டால்டனின் கொள்கையிலும் திருத்தங்கள் வந்தன. ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுடையவை என்றார் அவர். குளோரினில் 35, 37 என்ற இரண்டு எடைகளில் அணுக்கள் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. அதனால்தான் அட்டவணையில் குளோரினின் அணு எடை 35.5-ஐ ஒட்டி வருகிறது. எடை வேறானாலும் புரோட்டான்கள் 17 என்பதால் இரண்டும் குளோரின்தான்.

புரூஸ்ட்டின் மாறா விகிதத்துக்கும் விதிவிலக்குகள் உண்டு. அவர் காலத்திலேயே பெர்தொலே, சேர்மத்தின் விகிதம் ஓரளவு மாறக்கூடும் என்று வாதிட்டுத் தோற்றார். மூலக்கூறுகளாக இருக்கும் சேர்மங்களைப் பொறுத்தவரை அந்தத் தோல்வி நியாயமானதே. ஒரு நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் இரண்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வழியே இல்லை. ஆனால் மூலக்கூறு இல்லாமல் படிகமாக மட்டும் நிற்கும் சேர்மங்கள் சிலவற்றில் அவர் சொன்னது நடக்கிறது. இரும்பு ஆக்சைடுகளுள் ஒன்றான வுஸ்டைட்டில் 100 ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 95 இரும்புதான் இருக்கும், தயாரிக்கும் சூழலைப் பொறுத்து அதனினும் குறையும். படிகத்தில் இரும்பு அமர வேண்டிய இடங்கள் சில காலியாகக் கிடக்கின்றன. காலியாகும் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு இரண்டு இரும்பு அயனிகள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக இழந்து மின்சமநிலையைக் காக்கின்றன. இத்தகைய சேர்மங்களுக்கு ரஷ்ய வேதியியலாளர் குர்னகோவ், பெர்தொலேயின் பெயரையே சூட்டினார். சோதனைக்குழாயில் நாம் உருவாக்கும் இரும்பு சல்ஃபைடும் இந்தக் குடும்பத்தோடு நெருங்கிய உறவுடையது. இயற்கையில் அது பெரும்பாலும் இரும்பு சற்றுக் குறைந்த பிரோடைட் என்ற கனிமமாகவே கிடைக்கிறது. 7-க்கு 4 என்ற சரியான விகிதத்தை ஒட்டிய வடிவம் விண்கற்களில் அதிகம் காணப்படுகிறது.